பட்டக்கா வீட்டில் குடியிருப்போர்

"அந்த அம்மா சொந்தப் புருஷனையே ஒண்டுக்குடித்தனமாத்தான் வச்சிருக்காங்களாம்."

இதை என்னிடம் சொன்னவர் அந்த அம்மா அறைகளை வாடகைக்கு விடும் வீட்டு வாசலைக்கூட மிதித்ததில்லை. அவருடைய மைத்துனரின் நண்பர் அங்கே ஒரு கோடைக்காலம் தங்கியிருந்தாராம். நண்பர் மைத்துனருக்குச் சொல்ல, மைத்துனர் இவருக்குச் சொல்ல, இவர் அலுவலகத்தில் காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று என் காதில் போட்டார். வாய் மாற மாறக் கதைக்குக் கையும் காலும் முளைத்திருந்தன. வருகிற ஒவ்வொருவருக்கும் அந்த அம்மா யாருக்கும் விளங்காத ஓர் இங்கிலீஷ் பட்டம் கொடுப்பாராம். அடுப்பு, சாவி, பேச்சு எல்லாம் பட்டத்தைப் பொறுத்துத்தானாம். பட்டம் பிடிக்கவில்லை என்று முணுமுணுத்த ஒருவர் அன்று மாலையே பெட்டியோடு தெருவில் நின்றாராம்.

எனக்கு அறை கிடைப்பதே குதிரைக்கொம்பாக இருந்த நேரம். அதனால் போய்ப் பார்த்தேன்.

பேருந்து திரும்பும் முனையில், சலவைக்கடையை ஒட்டி, ஒடுக்கமான மூன்று மாடி வீடு. கதவைத் திறந்தவருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. மடித்துவிட்ட சட்டைக்கைக்குக் கீழே முழங்கை வரை சோப்பு நுரை. என் முகத்தைப் பார்ப்பதற்கு முன் என் காலணியைப் பார்த்தார்.

"அதைக் கழட்டி வெளியில வைங்க. உள்ள வாங்க. இன்னையிலேருந்து நீங்க ஸோஜர்னர்."

"அப்படின்னா?"

"வந்து தங்கிட்டுப் போறவர். திட்டு இல்ல, பயப்படாதீங்க."

பள்ளியிலிருந்தே இரண்டு மொழியிலும் படித்தவன் நான். அந்தச் சொல்லைப் பழைய புத்தகங்களில் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒருவர் வாயைத் திறந்து, அதுவும் என்னைப் பார்த்து, சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. நன்றி என்றேன்.

வீட்டின் சட்டம் சமையலறை மேசையில் வைத்தே எனக்கு விளக்கப்பட்டது. ஸோஜர்னருக்கு ஃப்ரிட்ஜில் அடித்தட்டு. துண்டு தொங்கவிடப் பின்கதவுப் பக்கம் வரிசையாக அடித்த ஆணிகளில் ஒன்று. மேல் பட்டத்துக்காரர்கள் யாராவது சமையலறையில் இருந்தால் மட்டும் அடுப்பைத் தொடலாம். ஞாயிற்றுக்கிழமைக் காலை வீட்டுக்கூட்டத்தில் உட்காரலாம், தேநீர் குடிக்கலாம், பேசக் கூடாது. இப்படி ஒரு குளிர்காலத்தை முழுசாகக் கழித்தால் டெனிசன். அலமாரிச் சாவி கைக்கு வரும், எந்த நேரமும் சமைக்கலாம், விருந்தாளியை அழைத்து வரலாம், கூட்டத்தில் பேசலாம். அதற்கும் மேலே பர்ஜெஸ். அவர்கள்தான் ஓட்டுக்குக் கை தூக்கலாம். காலியாகும் அறை யாருக்கு, ஹீட்டரை என்றைக்குப் போடுவது, குளியலறைக்கு என்ன பெயிண்ட் என்பதெல்லாம் அந்தக் கைகளில் இருந்தது. யாரையாவது பார்க்க வந்து ஓரிரு நாள் தங்குகிறவர் காமரன்ட். அவருக்கு ஆணிகூடக் கிடையாது, நாற்காலி முதுகில்தான் துண்டு.

கொல்லைப்புற அறையில் இருந்த சைக்கிள் மெக்கானிக் இந்தப் படிக்கட்டில் எங்கும் சேரவில்லை. குழாய், பல்பு, கதவுக் கீல் எல்லாம் அவர் பொறுப்பு, அதற்குப் பதில் அறை. அவர் காட்டர். குடிசையில் இடம் கொடுத்தவனுக்கு உழைத்துக் கொடுப்பவன் என்று அர்த்தம்.

"அர்த்தம் தெரிஞ்சதும் கொஞ்சம் சப்புன்னு ஆயிடுச்சு," என்று அவர் என்னிடம் ரகசியமாகச் சொன்னார். "என் சம்சாரம் போன்ல கேட்டா மேனேஜர்னு சொல்லி வச்சிருக்கேன்."

பட்டம் கொடுக்கிற அக்கா என்பது சுருங்கி அவர் பட்டக்கா ஆகியிருந்தார். முதுகுக்குப் பின்னால் சொல்கிறோம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். ஒருநாள் சலவைக்காரர் மூட்டையோடு வந்து, "பட்டக்கா இருக்காங்களா?" என்று அவரிடமே கேட்டார். "இருக்கா, சொல்லுங்க," என்று வாங்கிக்கொண்டார். அப்புறம் எங்கள் பக்கம் திரும்பி, "நான் எல்லாருக்கும் வைக்கிறேன். எனக்கு ஒண்ணு வச்சா குறைஞ்சா போயிடுவேன்?" என்றார்.

இந்தச் சொற்கள் அவருக்கு எங்கிருந்து வந்தன என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. கல்யாணமான புதிதில் ஒரு சொத்து வழக்கறிஞர் அலுவலகத்தில் தட்டச்சு வேலை. நூறு இருநூறு வருஷத்துப் பத்திரங்களைப் புதிதாக அடித்துக் கொடுக்க வேண்டும். பட்டணத்தில் குடியிருப்பவனுக்குப் பர்ஜெஸ், பண்ணையில் குடியிருப்பவனுக்குக் காட்டர், வெளியிலிருந்து வந்து ராஜாவின் தயவில் குடியேறியவனுக்கு டெனிசன், அடுத்தவன் வீட்டில் ஒதுங்கியவனுக்கு இன்னொரு சொல் என்று அந்தக் காலத்து இங்கிலீஷ்காரர்கள் இரண்டு கையாலும் வாரி இறைத்திருந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டை மேசையிலேயே வைத்துக்கொண்டு அலுவலகத்து அகராதியைப் புரட்டுவது அக்காவுக்குப் பொழுதுபோக்காயிற்று.

"ஒரு மனுஷன் ஒரு இடத்துல இருக்கான். அவ்வளவுதான் விஷயம். அதுக்கு எத்தனை பேரு பாருங்க," என்பார். "இன்மேட்னு ஒண்ணு இருக்கு. அந்தக் காலத்துல அது ஒண்டுக்குடித்தனக்காரன். இன்னைக்கு அதைச் சொன்னா ஜெயில்னு நினைச்சு ஓடிடுவீங்க. அதனால விட்டுட்டேன்."

வீடு வாங்கியதும் மாடி அறைகளை வாடகைக்கு விட்டார். முதலில் வந்தவர் ஒரு ஆஜானுபாகுவான லாரி டிரைவர். வந்த வாரமே ஃப்ரிட்ஜ் முழுக்க அவருடைய சாமான். அக்கா வைத்திருந்த முட்டை ஜன்னல் திட்டுக்கு வந்துவிட்டது. விருந்தாளி என்று சொன்னால் அவர் இன்னும் சலுகை எடுப்பார், வாடகைக்காரர் என்று சொன்னால் முகம் சுருங்கும். அக்கா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "நீங்க இங்க ஸோஜர்னர். ஸோஜர்னருக்கு அடித்தட்டுதான்," என்றாராம். அந்த மனிதர் மறுபேச்சுப் பேசாமல் குனிந்து எல்லாவற்றையும் அடித்தட்டுக்கு மாற்றினாராம்.

எனக்கு இது ரொம்ப நாள் யோசனையாக இருந்தது. தெரிந்த சொல் என்றால் சண்டைக்கு வருகிறோம். தெரியாத சொல் என்றால் வரிசையில் நின்றுவிடுகிறோம். அயல்நாட்டில் இருப்பவர்களுக்கு வரிசை புதிதும் இல்லை.

குளிர்காலக் கணக்குக்கும் ஒரு நியாயம் வைத்திருந்தார். "கோடையில எல்லாரும் தங்கம்தான். ஜன்னல் திறந்திருக்கும், ஆளுக்கொரு பக்கம் போயிடுவீங்க. கதவெல்லாம் சாத்தி, ஈரத்துணி உள்ளயே காய்ஞ்சு, அஞ்சு பேரும் இந்த ஒரு ரூம்ல முட்டிக்கிறப்போ ஒருத்தர் எப்படி இருக்கார்னு பாக்கணும்." வீட்டில் ஹீட்டர் முதன்முதலாகப் போடும் நாளில் குளிர்காலம் தொடங்கும், அணைக்கும் நாளில் முடியும். நடுவில் ஊருக்குப் போய்விட்டால் கணக்கில் வராது. பேக்கரியில் மாவு பிசையும் ரொட்டிக்காரர்தான் வீட்டிலேயே மூத்த பர்ஜெஸ். அவருடைய முதல் குளிர்காலத்தில் தங்கை கல்யாணம் வந்துவிட்டது.

"போயிட்டு வந்து மறுபடியும் முதல்லேருந்து, தம்பி," என்று புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் பட்டாளத்தில் இருந்து வந்தவர் மாதிரி சொல்வார். "கல்யாணம் நல்லா நடந்துச்சான்னு கேட்டாங்க. நடந்துச்சுக்கான்னேன். சந்தோஷம், அடுத்த குளிர்காலம் பாப்போம்னாங்க."

இப்போது அந்தப் புருஷனுக்கு வருகிறேன்.

அவர் சரக்குக் கப்பலில் சமையல்காரர். அக்காவை நாங்கள் அக்கா என்றதால் அவர் எங்களுக்கு அத்தான். வீடு வாங்கியது அவருடைய சம்பளத்தில், அவருடைய பேரில். கையெழுத்துப் போட்டுச் சாவியை அக்கா கையில் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறினார். அதற்கப்புறம் வருஷத்தில் சில வாரங்கள் வருவார், பெரும்பாலும் கோடையில். எல்லோருக்கும் சோப்பும் சாக்லெட்டும் கொடுப்பார், பாத்திரம் கழுவுவார், போய்விடுவார். அந்த வீட்டின் குளிர்காலம் ஒன்றைக்கூட அவர் பார்த்ததில்லை. ஆகவே சட்டப்படி அவரும் ஸோஜர்னர். அது வேடிக்கையாகத்தான் இருந்தது. துண்டை எங்களோடு ஆணியில் மாட்டிவிட்டு, "எத்தனை குளிர்காலம் ஆச்சுப்பா உனக்கு?" என்று என்னிடம் சீனியாரிட்டி விசாரிப்பார். வெளியில் உலவிய கதைக்கு விதை அந்த ஆணிதான். மற்றபடி அவர் வாடகை கொடுத்ததும் இல்லை, அக்கா கேட்டதும் இல்லை.

நான் டெனிசன் ஆன வருஷத்து இலையுதிர்காலத்தில் அத்தான் ஓய்வு பெற்று, மூன்று பெட்டிகளோடு ஒரேயடியாக வந்து இறங்கினார். அன்றைக்கு அக்கா தலைக்குக் குளித்துவிட்டுக் காலையிலிருந்தே வாசலுக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டிருந்தார். அவர் வந்து உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி:

"இந்தத் தடவை எத்தனை நாளைக்குங்க?"

"அதான் இனிமே போகலன்னு சொன்னேனே."

"சொன்னீங்க. வழக்கமா கேக்கறது, வாய்ல வந்துடுச்சு."

அவர் இனி நிஜமாகவே இங்கே இருப்பாரா என்பதுதான் அக்காவுக்கு எல்லாமே. வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் அவர் தெருமுனைக்கு நடக்கப் போனாலும் மாடி ஜன்னலில் அக்காவின் தலை தெரியும்.

"அக்கா, அத்தானுக்கு இனிமே என்ன பட்டம்?" என்று ரொட்டிக்காரர் வாயைக் கிளறினார்.

"குளிர்காலம் வருதில்ல. முழுசா இருக்கட்டும், பாக்கலாம்."

அத்தான் சிரித்தார். "கரெக்ட். ரூல்னா ரூல்தான்."

முதல் சில வாரம் நன்றாகத்தான் போயிற்று. கைக்கு வேலை இல்லாமல் அத்தானுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. வெங்காயத்தை எங்கே பார்த்தாலும் நறுக்கிவிடுவார். அலை வந்தால் உருண்டுவிடும் என்பது போல எல்லாப் புட்டிகளையும் ஒன்றோடொன்று இடுக்கி அடுக்குவார். அக்கா வந்து பழையபடி விலக்கி வைப்பார். மறுநாள் அவர் மறுபடி இடுக்குவார்.

மேல்மாடி அறையில் அந்த வசந்தத்தில் ஒரு நர்ஸ் பெண் வந்திருந்தாள். ஸோஜர்னர். காலைப் பணி முடித்து மத்தியானம் திரும்பும்போது அக்கா கடைக்குப் போயிருப்பார், மேல் பட்டத்துக்காரர்கள் நாங்களும் வேலையில் இருப்போம். அடுப்பைத் தொட முடியாது. நின்றபடியே வெறும் ரொட்டியைத் தண்ணீரில் முக்கித் தின்றுகொண்டிருந்தவளை அத்தான் பார்த்துவிட்டார். முப்பது வருஷமாக, பசியோடு வந்தவனை அப்படியே அனுப்பாத மனிதர்.

அவளுக்கு அவர் ஒரு முட்டையை உடைத்துப் போட்டிருந்தால்கூடப் போதும். அவரும் ஸோஜர்னர்தான் என்று யாரும் சட்டம் பேசியிருக்கமாட்டார்கள். அவர் அதோடு நிறுத்தவில்லை. அக்கா வைத்துவிட்டுப் போயிருந்த சாவிக்கொத்திலிருந்து அலமாரிச் சாவி ஒன்றைக் கழற்றினார். "இந்தாம்மா. இன்னையிலேருந்து நீ டெனிசன். நான் சொல்றேன்," என்று கையில் வைத்தார்.

அவள் பூரித்துப்போய் உடனே அம்மாவுக்கு போன் போட்டாள். "அம்மா, என்னை டெனிசன் ஆக்கிட்டாங்க." அந்தப் பக்கத்திலிருந்து, "சம்பளம் ஏத்துவாங்களாடி?" என்று கேட்டது எனக்கே காதில் விழுந்தது. அன்றைக்கு வேலையிலிருந்து சீக்கிரமே திரும்பி மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தேன். அவளிடம் சொல்வதா, அக்காவிடம் சொல்வதா என்று குழம்பி, யாரிடமும் சொல்லாமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். வழக்கமான விஷயங்கள்தான். சலவைநாள், கொல்லைக் கதவுத் தாழ்ப்பாள். நடுவில் நர்ஸ் பெண் நிமிர்ந்து உட்கார்ந்து, "மேல்மாடியில ஜன்னல் வழியா காத்து வருதுக்கா, அதை..." என்று ஆரம்பித்தாள்.

ரொட்டிக்காரர் தேநீரைக் கீழே வைத்தார். "என்னம்மா, பேசற?"

"நான் டெனிசன்ண்ணே."

"எந்தக் குளிர்காலத்துல?"

அவள் அத்தானைப் பார்த்தாள். எல்லோரும் அத்தானைப் பார்த்தோம். அவர் மேசை விரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார்.

"நான்தான் கொடுத்தேன். பச்சைப் புள்ள பட்டினியா நிக்குது."

"ரெண்டு குளிர்காலம் நின்னேன் நான்," என்றார் ரொட்டிக்காரர். குரல் உயரவில்லை. அதுதான் சங்கடமாக இருந்தது. "தங்கச்சி கல்யாணத்துக்குப் போனதுக்கு."

அக்கா நர்ஸ் பெண்ணிடம், "சாவி உன்கிட்டயே இருக்கட்டும். கொடுத்த பேரைத் திருப்பி வாங்கற வழக்கம் இந்த வீட்ல இல்ல. ஜன்னலைப் பத்திச் சொல்லு," என்றார். அவள் சொன்னாள். மெக்கானிக் பார்ப்பதாகச் சொன்னார். அதற்கப்புறம்தான் அக்கா அத்தான் பக்கம் திரும்பினார்.

"ஏங்க, உங்களுக்கே இல்லாததை எப்படிங்க அடுத்தவங்களுக்குக் கொடுத்தீங்க?"

"தப்புதான்மா."

"தப்புன்னா தண்டனை வேணுமில்ல? இன்னையிலேருந்து நீங்க ஸோஜர்னர்கூட இல்ல. காமரன்ட்."

அதாவது, யாரையோ பார்க்க வந்து ஓரிரு நாள் தங்குகிறவர். அடக்க முடியாமல் எல்லோரும் சிரித்துவிட்டோம். மெக்கானிக் மேசையைத் தட்டினார். அத்தானும் சிரித்தார், எங்கள் எல்லோரையும்விடச் சத்தமாக. எழுந்துபோய்ப் பின்கதவு ஆணியிலிருந்து தன் துண்டை எடுத்து, நாற்காலி முதுகில் போட்டார். அதற்கும் சிரித்தோம்.

மத்தியானம் சின்னப் பெட்டியோடு கீழே இறங்கி வந்தார். கூட வேலை பார்த்த நண்பர் ஒருவர் துறைமுக ஊரிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாராம், ஓரிரு நாள் போய்விட்டு வருகிறாராம். அக்கா தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார், நான் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"கோவமா?"

"இல்ல."

"விளையாட்டுக்குத்தான சொன்னேன்?"

அத்தான் பெட்டியைக் கீழே வைத்தார். "கப்பல்ல எனக்கு மேல எப்பவும் ஒருத்தன் இருந்தான். சரி, வேலைன்னா அப்படித்தான். வீட்டுக்கு வந்தாலும் இருக்காங்களே, அதைத்தான் நினைச்சேன்."

"நீங்க கப்பல்ல இருந்தப்போ எனக்குக் கீழ ஒருத்தர், மேல ஒருத்தர், பக்கத்து ரூம்ல ஒருத்தர். எல்லாம் முன்னப்பின்ன தெரியாத ஆம்பளைங்க. இந்த ரூலை வச்சுத்தான் நான் கதவைச் சாத்திட்டுத் தூங்கினேன்."

"தெரியும்மா."

"தெரிஞ்சுமா சாவியை எடுத்தீங்க?"

அவர் பெட்டியை மறுபடி கையில் எடுத்தார். வீடு என் பேரில் இருக்கிறது என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவே இல்லை. அதை அக்கா கவனித்தார் என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் பின்னொரு நாள் அதை மட்டும் எடுத்து என்னிடம் சொன்னார்.

ஓரிரு நாள் என்றவர் அந்த வாரம் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. நர்ஸ் பெண்ணுக்கு அவ்வப்போது அவரிடமிருந்து குறுஞ்செய்தி வரும்: சாப்பிட்டியா, ஜன்னல் சரியாச்சா. அக்கா கூப்பிட்டால் எடுப்பதில்லை. அக்கா ஒன்றும் ஒடிந்துபோய்விடவில்லை. வழக்கம் போலச் சத்தமாகப் பேசினார், சலவைக்காரரிடம் காணாமல் போன காலுறைக்காகச் சண்டை போட்டார். புட்டிகளை மட்டும் அவர் அடுக்கிய மாதிரியே விட்டுவைத்திருந்தார். எண்ணெய்ப் புட்டியை எடுக்கப் பக்கத்தில் மூன்றை நகர்த்த வேண்டியிருந்தது, நகர்த்தி எடுத்துத் திரும்ப இடுக்கி வைத்தார்.

இதற்கிடையில் குளிர் வந்துவிட்டது. காலையில் ஜன்னல் கண்ணாடி உள்பக்கமே வேர்த்து வழிந்தது. வேறு எந்த வருஷமாக இருந்தாலும் அக்கா அந்த வாரமே கூட்டத்தில் ஹீட்டர் பேச்சை எடுத்திருப்பார். இந்தத் தடவை எடுக்கவில்லை. ஹீட்டர் போட்டால் குளிர்காலம் தொடங்கிவிடும். தொடங்கும்போது இல்லாதவருக்கு அது கணக்கில் வராது.

சமையலறையில் நாங்கள் எல்லோரும் கோட்டும் குல்லாயுமாக உட்கார்ந்து சாப்பிட்டோம். மெக்கானிக் போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்தார். கை தூக்கி ஹீட்டர் கேட்கும் உரிமை ரொட்டிக்காரருக்கு இருந்தது. இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு, "பேக்கரியில ஒரே வெக்கைக்கா. வீட்டுக்கு வந்தாத்தான் ஜில்லுன்னு இருக்கு," என்றார். அவர் பற்கள் தந்தியடித்துக்கொண்டிருந்தன.

"நடிக்காதீங்க," என்றார் அக்கா.

"சத்தியமாக்கா."

நர்ஸ் பெண்ணுக்குச் சளி பிடித்தது. அவள் இருமியதைக் கேட்ட மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கூட்டத்துக்கு அக்கா முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருந்தார். வழக்கமாக உட்காரும் மேசைத் தலைப்பக்க நாற்காலியில் இல்லை. பின்கதவுப் பக்கம், காற்று வரும் ஸ்டூலில். மேசை நடுவில் சாவிக்கொத்து கிடந்தது.

"இன்னைக்கு ஹீட்டர் போடப் போறோம்," என்றார். "புள்ளைக்கு நெஞ்சு கட்டியிருக்கு. இதுக்கு மேல தாங்காது. அதுக்கு முன்னாடி ஒரு விஷயம். ராத்திரி யோசிச்சுப் பாத்தேன். இந்த வீட்ல நீங்க எல்லாரும் ஸோஜர்னரா இருந்திருக்கீங்க. நான் ஒரு நாள்கூட இருந்ததில்ல. கால் வச்ச அன்னைக்கே சாவி என் கையில. ஆணியில துண்டு தொங்கினா எப்படி இருக்கும், அடுப்புக்கு ஒருத்தரைக் கேட்டு நின்னா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. அவரைப் பட்டுனு காமரன்ட்னு சொல்லிட்டேன்."

"அதுக்காக ரூலை எடுத்துடப் போறீங்களாக்கா?" என்று கேட்டேன். கேட்டபோதுதான் ரூல் போய்விட்டால் நான் என்ன ஆவேன் என்ற பயம் எனக்கே தெரிந்தது.

"யாரு சொன்னா? ரூல் அப்படியே இருக்கு. அவருக்காக ஒரு நாள்கூடக் குறைக்க மாட்டேன். இந்தக் குளிர்காலம் எனக்கும் முதல் குளிர்காலம், அவ்வளவுதான். அவரும் நானும் சேர்ந்து ஸோஜர்னர்." சாவிக்கொத்தை ரொட்டிக்காரர் பக்கம் தள்ளினார். "மூத்தவர் நீங்கதான். வச்சுக்கங்க."

ரொட்டிக்காரர் கொத்தைத் தொடாமல் பார்த்தார். "அக்கா, அப்ப நீங்க டீ போடணும்னாகூட என்னைக் கேக்கணும்."

"கேக்கறேன்."

"நான் உடனே சரின்னு சொல்லிட மாட்டேன்."

"சொல்லாதீங்க."

"ஃப்ரிட்ஜ்ல அடித்தட்டு."

"குனிஞ்சு எடுத்துக்கறேன். முட்டி இன்னும் நல்லாத்தான் இருக்கு."

அவர் கொத்தை எடுத்தார். கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, தலைப்பக்க நாற்காலியைப் பார்த்துவிட்டு, அதில் உட்காராமல் தன் இடத்திலேயே இருந்தார். காமரன்ட் என்று சொன்னதை என்ன செய்வது என்று மெக்கானிக் கேட்டார். கொடுத்த பேரைத் திருப்பி வாங்கும் வழக்கம் இல்லை, ஆனால் மேலே ஏற்ற வழி உண்டு என்று ரொட்டிக்காரர் புதிய அதிகாரத்தோடு சொன்னார். "ஸோஜர்னரா ஏத்தறேன். எல்லாருக்கும் சம்மதம்தானே?" கை தூக்கச் சொல்லாமலே எல்லாக் கைகளும் எழுந்தன. தூக்க உரிமை இல்லாத எங்கள் கைகளும் சேர்த்துத்தான். அவர் கண்டுகொள்ளவில்லை.

"அப்ப ஹீட்டரைப் போட்டுடலாமா?" என்று மெக்கானிக் எழுந்தார்.

"இருங்க," என்றார் அக்கா. "முதல்ல அவர்கிட்ட சொல்லிடறேன். மத்தியான பஸ்ஸைப் பிடிச்சா சாயங்காலம் இங்க இருப்பார். சாயங்காலம் வரைக்கும் பொறுக்க முடியுமாம்மா உன்னால?"

நர்ஸ் பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டே முடியும் என்று தலையாட்டினாள். "என் போன்ல கூப்பிடுங்கக்கா. என் நம்பர்னா எடுப்பார்."

"வேணாம். என் நம்பர்லயே எடுக்கட்டும்."

தன் கைபேசியை எடுத்து, எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு மேசை மேல் வைத்தார். ஸ்டூலில் நேராக உட்கார்ந்துகொண்டார். மணி அடித்தது. ரொட்டிக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார், முதல் உத்தரவை அவரே சொல்லப் போகிறவர் மாதிரி. மெக்கானிக் ஹீட்டர் சுவிட்சுக்குப் பக்கத்திலேயே நின்றார். மறுபடி அடித்தது. நர்ஸ் பெண் இருமலை வாய்க்குள் அடக்கினாள்.

"கையைத் துடைச்சுட்டு வருவார்," என்றார் அக்கா. "கைல மாவு இருந்தா போனைத் தொட மாட்டார். எடுப்பார்."

மணி அடித்துக்கொண்டிருந்தது.